என்ன மை என்று எழுதிக் கொடுங்கள்

“என்ன மை போட்டாங்கம்மா?” என்று தோல் மருத்துவர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த தோல்நோய் விளக்கப்படத்தைப் பார்த்தேன்.

“இம்போர்டட் கலர்னு சொன்னாங்க டாக்டர்.”

“எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கேக்கலம்மா. அதுக்குள்ள என்ன இருக்கு? இரும்பா, கரியா, வெள்ளை கலந்திருக்கா? அது தெரிஞ்சாத்தான் லேசர் வைக்கலாமா வேண்டாமான்னு சொல்ல முடியும்.”

அக்காவுக்குத் தெரியாது. போட்டுவிட்ட பெண்ணுக்காவது தெரியுமா என்று கேட்க அங்கிருந்தே ஃபோன் போட்டோம். எடுத்தது வேறொரு பெண். முன்பிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். “அப்போ யூஸ் பண்ண ஸ்டாக் இப்ப இல்ல மேம். ஆனா எல்லாமே பிராண்டட்தான்.”

அக்கா ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. வயது 43. தைராய்டு குறைபாட்டில் புருவங்களின் வெளிமுனை உதிர்ந்துபோனது. பல வருடம் தினமும் காலையில் பென்சிலால் வரைந்துகொண்டு போனாள். மூன்றாவது பீரியடுக்குள் வியர்வையில் ஒரு பக்கம் அழிந்திருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்ணுக்கு அது தப்புமா? மூன்று வருடங்களுக்கு முன், மகளின் சடங்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது, 18,000 ரூபாய் கொடுத்து மைக்ரோபிளேடிங் செய்துகொண்டாள். “செமி பெர்மனன்ட் மேக்கப்தான் மேம், ரெண்டு வருஷத்துல தானா போயிடும்” என்று சொல்லியிருந்தார்கள். போகவில்லை. கருப்பும் பழுப்பும் போய், செங்கல் நிறம் மட்டும் தங்கிவிட்டது.

மருத்துவர் புருவத்தின் வால் முனையில் மிளகு அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் லேசர் வைத்துப் பார்த்தார். செங்கல் நிறப் புள்ளி எங்கள் கண் முன்னாலேயே கருப்பானது.

“இதுக்குத்தான் கேட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சொல்லின் மேல் கோபம். அந்தச் சொல் மேக்கப். தோலைக் கீறி, உள்ளே நிறமியை இறக்கி, அது அங்கேயே இருக்கும்படி செய்யும் ஒரு வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பச்சை குத்துதல். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அக்கா இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பாள். மேக்கப் என்று சொன்னதால் கேட்கவில்லை. இந்தத் தொழில் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

*

முதலில் ஒரு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். “இயற்கை அழகு போதாதா, பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை” என்று ஆரம்பிக்கப்போகிறவர்கள் தயவுசெய்து கிளம்பலாம். இது உங்களுக்கான கட்டுரை இல்லை. கீமோதெரபியில் புருவம் முழுக்கக் கொட்டிப்போனவர்கள் இருக்கிறார்கள். அலோபீஷியாவில் இமைமுடியும் போனவர்கள் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின், மறுசீரமைத்த மார்பில் முலைக்காம்பின் வட்டத்தை இதே ஊசியால்தான் வரைகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அழுத பெண்களின் அனுபவங்களைப் படித்தால் ‘இயற்கை அழகு’ என்று பேச வாய் வராது. இந்தக் காரணம் எதுவும் இல்லாமல், காலையில் பத்து நிமிடம் மிச்சமாகட்டும் என்று செய்துகொள்கிறவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆண்களும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. வழுக்கைத் தலையில் மயிர்க்கால் போலப் புள்ளி வைத்துக்கொள்ளும் ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் இதே தொழிலின் ஆண்கள் பிரிவுதான். என் அலுவலகத்திலேயே செய்துகொண்டவர் இருக்கிறார்.

அழகுபடுத்திக்கொள்வதில் எனக்குப் புகார் இல்லை. விற்கிறவர் சொல்லாமல் விடுகிறாரே, அதில்தான் புகார்.

*

இன்ஸ்டாகிராம் ரீல் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் காட்டுகிறது. நடுவில் நடப்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவெடுப்பார்கள். மையில் தோய்த்த நூலை நெற்றியில் அழுத்திக் கோடு போடுவார்கள், கொத்தனார் நூல் பிடிப்பது போல. மூக்கின் ஓரம், கருவிழி, கண்ணின் வெளிமுனை ஆகியவற்றை வைத்து, புருவம் எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிய வேண்டும் என்று குறிப்பார்கள். நுணுக்கமான வேலை. நல்ல கை உள்ளவர்கள் இதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்து லிடோகெய்ன் கலந்த களிம்பைத் தடவி, தோல் மரத்துப்போகும்வரை காத்திருப்பு.

மைக்ரோபிளேடிங் என்றால் பேனா மாதிரி ஒரு கைப்பிடி. அதன் முனையில் பத்து, பதினைந்து மெல்லிய ஊசிகள் ஒரே வரிசையில் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். பார்வைக்குச் சின்னக் கத்தி போலத் தெரியும். அதை மையில் தொட்டு, தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஒரு முடிக்கு ஒரு கீறல் போடுவார்கள். கீறிய இடத்தின்மேல் மறுபடி மையைத் தேய்த்துச் சில நிமிடம் ஊறவிடுவார்கள். துடைத்துவிட்டு இரண்டாம் சுற்று. பவுடர் புருவத்துக்கும் உதட்டில் போடும் லிப் பிளஷுக்கும் கீறல் கிடையாது, மெஷின்தான். ஊசி நொடிக்குப் பல முறை இறங்கி ஏறிப் புள்ளி புள்ளியாக நிறத்தை வைக்கும். டாட்டூ கடையில் இருக்கும் மெஷினின் தங்கச்சி அது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மீதிக் கதை. முதல் இரண்டு மூன்று நாள் புருவம் மார்க்கரால் வரைந்ததுபோல் கருகருவென்று இருக்கும். ஒரு வாரத்தில் பொருக்கு உதிரும். உதிரும்போது நிறமும் போய்விட்டதுபோல் இருக்கும், பயமாக இருக்கும். நான்கைந்து வாரத்தில் உண்மையான நிறம் தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் டச்-அப். எண்ணெய்ச் சருமம் என்றால் தனித்தனியாகக் கீறிய கோடுகள் மெல்ல மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். மாநிறத்துக்கும் கருப்புக்கும் நடுவே உள்ள நம்மவர் தோலில், கீறிய காயமே கருமையாகத் தங்கிவிடும் வாய்ப்பும் கூடுதல். தழும்பு தடித்து வளரும் கெலாய்டு உடம்புக்காரர்கள் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

இந்த வேலையின் உயிர் ஆழத்தில் இருக்கிறது. மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மை அங்கேயே நின்றுவிட்டால் தோலோடு உதிர்ந்துவிடும். அதனால் அதற்குக் கீழே இருக்கும் உட்தோலின் மேல்பகுதியை ஊசி தொட்டாக வேண்டும். முகத்தில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கொஞ்சம் மேலே நின்றால் மூன்று வாரத்தில் காணாமல் போகும். கொஞ்சம் கீழே போனால் கோடு பரவும், நிறம் சாம்பலாகும், தழும்பு விழும். இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் கையை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறோம் என்று இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் வருகின்றன. ரப்பர் தோலில் பழகி, ஒரு மாடலின் முகத்தில் செய்து காட்டினால் சான்றிதழ். இருசக்கர வாகன உரிமம் வாங்கக்கூட எல்எல்ஆர் போட்டு ஒரு மாதம் காத்திருக்கிறோம்.

*

“தானா போயிடும்” என்றார்களே, அதைப் பார்ப்போம்.

உட்தோலுக்குள் போன நிறமியை நம் உடம்பு எதிரியாகத்தான் பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் ஓடிவந்து துகள்களை விழுங்குகின்றன. விழுங்க முடிகிறது, செரிக்க முடிவதில்லை. அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அந்த செல் சாகும்போது நிறமி வெளியே விழுகிறது, பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை விழுங்கிக்கொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் இதைக் காட்டி 2018-இல் வெளியிட்டார்கள். உடம்பில் குத்திய பச்சை அசையாத கறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு சுமை. முதுகில் குத்திய டிராகனுக்கும் அக்காவின் புருவத்துக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. செல்லுக்கு மேக்கப் என்றால் என்னவென்று தெரியாது.

புருவப் பச்சை மங்குவது உண்மைதான். கொஞ்சமாக, மேலோட்டமாகப் போடுகிறார்கள், முகம் எப்போதும் வெயில் படும் இடம். ஆனால் மங்குவது வேறு, போவது வேறு. தோலிலிருந்து கிளம்பிய துகள்களில் ஒரு பகுதி எங்கே போகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் ‘நெறி கட்டியிருக்கு’ என்போமே, அந்த நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்குகிறது. பச்சை குத்தியிருந்து இறந்தவர்களின் உடல்களில் நிறமியும் டைட்டானியம் டையாக்சைடும் அங்கே இருந்ததை ஜெர்மனி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். அதனால் இன்ன நோய் வரும் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நானும் பயமுறுத்தவில்லை. ‘போயிடும்’ என்ற சொல்லுக்கு ‘வேறிடம் போகும்’ என்றும் ஒரு பொருள் இருக்கிறது. அது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நிறம் ஏன் மாறுகிறது? பழுப்பு தனி நிறமி இல்லை, கலவை. பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து எடுக்கிறார்கள், வெளிறச் செய்ய டைட்டானியம் வெள்ளை சேர்ப்பதுண்டு. சேர்ந்து உள்ளே போனவை சேர்ந்து வெளியேறுவதில்லை. மற்றவை மங்கிய பிறகு சிவப்பு நின்றால், புருவம் செங்கல். கலவையில் கரி இருந்தால் கதை நேர்மாறு. கரித்துகள் அவ்வளவு சீக்கிரம் போகாது. தோலின் அடியிலிருந்து சாம்பலாக, நீலமாகத் தெரியும். நடுத்தர வயதுப் பெண்கள் சிலரின் நீலப் புருவத்தை நீங்கள் கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள்.

லேசர் வைத்ததும் அக்காவின் புள்ளி கருத்ததற்கும் இதுதான் காரணம். சிவப்பு இரும்பு ஆக்சைடு என்பது துருவின் நிறம். லேசரின் நொடிநேர வெப்பத்தில் அது வேறு இரும்புச் சேர்மமாக மாறிக் கருக்கிறது. டைட்டானியம் வெள்ளையும் இப்படிக் கருக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, 1990-களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. அதனால்தான் அந்த மருத்துவர் லேசரைக் கையில் எடுக்கும் முன் ‘என்ன மை?’ என்று கேட்டார். பதில் இருந்திருந்தால் அந்தக் கருப்புப் புள்ளி இருந்திருக்காது.

என் வேலை மென்பொருள். ஒரு பட்டனின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றினால்கூட யார் மாற்றினார்கள், எப்போது, யார் சரிபார்த்தார்கள், பழைய நிறத்தின் எண் என்ன என்று எல்லாம் பதிவாகியிருக்கும். பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடுவோம். பழையபடி ஆக்கவே முடியாத ஒரு மாற்றத்தை ஒரு பெண்ணின் முகத்தில் செய்கிறார்கள், என்ன நிறமி என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

*

பெயரை மாற்றி விற்பது இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை. லண்டனின் புகழ்பெற்ற பச்சைக்காரர் ஜார்ஜ் பர்ச்செட், 1930-களில் முகத்துக்கு நிறமேற்றும் பச்சையைப் பரப்பியவர்களில் ஒருவர். அழகு நிலையங்கள் பல பெண்களுக்கு, அது பச்சை என்று அவர்களுக்கே தெரியாமல், ஏதோ முகப்பொலிவு சிகிச்சை என்று சொல்லிக் குத்திவிட்டதை அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட 90 வருடம் ஆகிவிட்டது. சிகிச்சை மேக்கப்பாக மாறியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.

நம்மிடம் இருந்த சொல்லைப் பாருங்கள். என் பாட்டியின் முன்கையில் ஒரு புள்ளிக் கோலம் இருந்தது. குறவர் சமூகப் பெண் ஒருவர் ஊருக்கு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து குத்தியது என்பாள். அந்தச் சமூகத்துப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியதை 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் காணலாம். குத்தியது விளக்குக் கரியைக் குழைத்து. கரி கருப்பு. தோலுக்கடியில் போய் வருடக்கணக்கில் தங்கியபின் அது கரும்பச்சையாகத் தெரியும். பச்சிலைச் சாறு சேர்த்ததால்தான் அந்தப் பெயர் என்பாரும் உண்டு. எனக்கு மற்ற காரணம்தான் பொருத்தமாகப் படுகிறது: உள்ளே போன நிறத்தை விட்டுவிட்டு, கடைசியில் எஞ்சப்போகும் நிறத்தால் நம் ஆட்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கருப்பைத் தொட்டுக் குத்தும்போதே ‘பச்சை’ என்றால், இது இப்படியே இருக்காது என்ற எச்சரிக்கை பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘பெர்மனன்ட் மேக்கப்’ என்ற பெயரில் இருப்பதோ பில் போடும் நாளின் நிறம் மட்டும்.

“செத்தாலும் கூட வர்றது பச்சை ஒண்ணுதான்” என்பது பாட்டி காலத்துப் பேச்சு. அதிலும் ஒளிவுமறைவு இல்லை.

அதற்காகத் திண்ணைக்குத் திரும்பிப் போவோம் என்று சொல்லவில்லை. ஒரே ஊசி ஊர் முழுக்கப் போயிருக்கும். பாட்டியைக் கேட்டுக் குத்தவில்லை, ஏழு வயதில் பிடித்து உட்கார வைத்துக் குத்தினார்கள். இன்று ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, கையுறை உண்டு, ஏசி உண்டு. இவையெல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பெண்ணிடம் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்டிருந்தால் ‘கரி’ என்று பதில் வந்திருக்கும். 18,000 ரூபாய் கொடுத்த இடத்தில் அந்தப் பதில் வரவில்லை. அவரை நாம் திண்ணைக்கு உள்ளே விட்டதில்லை. அவர் செய்த அதே வேலையைச் செய்கிறவரை இன்று ‘ஆர்ட்டிஸ்ட்’ என்கிறோம். ஆர்ட்டிஸ்ட் என்றே சொல்லட்டும், நல்லதுதான். வேலைக்கு மட்டும் ஏன் பழைய பெயர் ஆகாது?

*

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஓர் உதாரணம். எங்கள் அலுவலகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. படிவத்தில் ‘சமீபத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா’ என்று ஒரு கேள்வி. என் டீமில் உள்ள பெண் ‘இல்லை’ என்று டிக் அடித்தார். அவர் லிப் பிளஷ் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் செய்துகொண்டது மேக்கப், படிவம் கேட்டது பச்சை. எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும் இதே கேள்வியைக் கேட்பார்கள். இமையோரம் ஐலைனராகப் போட்ட இரும்பு நிறமி, அரிதாகத்தான் என்றாலும், அந்தக் காந்தப் புலத்தில் வீக்கமும் எரிச்சலும் தரலாம் என்பதால். மேக்கப்பில் இரும்பு இருக்கும் என்று யார் யோசிப்பார்கள்?

சட்டங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன? அமெரிக்காவில் தோலுக்குள் செலுத்துவதற்கென்று எஃப்டிஏ அங்கீகரித்த நிறமி ஒன்றுகூடக் கிடையாது. 2003, 2004 வாக்கில் நிரந்தர மேக்கப் மைகள் சிலவற்றால் பாதிக்கப்பட்டதாக 150-க்கும் மேற்பட்ட புகார்கள் அதனிடம் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் பச்சை மைகளிலும் நிரந்தர மேக்கப் மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரே விதி. அங்கே சட்டம் மேக்கப் என்ற சொல்லில் ஏமாறவில்லை.

தென்கொரியா எதிர்த்திசையில் போய் முட்டிக்கொண்டது. புருவமும் இமையும் குத்திய ஒரு வழக்கில், பச்சை குத்துவது மருத்துவச் செயல் என்று 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது டாக்டர்தான் குத்தலாம். டாக்டர்கள் குத்த வரவில்லை. ஒரு பெரும் தொழில் 30 வருடத்துக்கு மேல் சட்டத்துக்கு வெளியே, மாடி அறைகளில் நடந்தது. ஒளிந்து நடக்கும் தொழிலில் யார் பதிவேடு வைப்பார்கள்? போலீசுக்குப் போவேன் என்று வாடிக்கையாளரே மிரட்டிப் பணம் பிடுங்கிய கதைகளும் உண்டு. 2025 செப்டம்பரில்தான் டாக்டர் அல்லாதவர்களும் உரிமம் பெற்றுச் செய்யலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

நம்மூரில்? 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தில் உள்ள வரையறை, உடம்பில் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவதோடு நிற்கவில்லை. அழகுக்காக உடம்புக்குள் செலுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. இந்த மையை உள்ளே கொண்டுவர வாசல் திறந்தேதான் இருக்கிறது. கொண்டுவர ஆளில்லை. 2025-இல் கர்நாடக அரசு, பச்சை மைகளுக்குத் தரநிர்ணயம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்து நிறமேற்றிய செய்தி வெடித்தபோது கைதும் சீலும் உடனே நடந்தன. நாக்கு என்றால் நமக்குப் பதறுகிறது. புருவம் என்றால் ‘பார்லர் விஷயம்’ என்று கடந்துபோகிறோம்.

*

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். “வாழ்வாதாரம்.” ஆமாம், இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகையை அடகு வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டி, தவணையில் மெஷின் வாங்கியவர்கள். அவர்களை டாக்டர் கோட்டுக்கு அடியில் தள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொரியா அதைச் செய்து பார்த்துவிட்டது. பதிவு, போதுமான பயிற்சி, சுத்தம் பற்றிய விதி ஆகியவை இருந்தால் முதலில் லாபம் அடைவது நன்றாக வேலை செய்கிற அந்தப் பெண்கள்தான். மூன்று நாள் சான்றிதழோடு பாதி விலைக்குச் செய்பவரோடு இன்று அவர்கள் போட்டி போட வேண்டியிருக்கிறது.

“கஸ்டமர் கையெழுத்துப் போட்டுத்தானே செய்யறோம்.” அக்காவும் போட்டாள். அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். ஒரு பக்க ஆங்கிலம். என்ன நடந்தாலும் நிலையம் பொறுப்பல்ல என்று ஏழு விதமாக எழுதியிருந்தது. என்ன மை, என்ன நிறமி, யார் போட்டார் என்று ஒரு வரி இல்லை. அது கடைக்கான குடை. மழையில் நிற்பது அக்கா.

“அவங்கதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.” எப்படி? மேக்கப் என்று சொன்ன பிறகு எதைக் கேட்பது? லிப்ஸ்டிக் வாங்கும்போது நாலு வருடம் கழித்து இது என்ன நிறமாகும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதல் வேலையாக, விலைப்பட்டியலில் ‘பச்சை’ அல்லது ‘டாட்டூ’ என்ற சொல் இருக்கட்டும். ‘புருவ டாட்டூ’ என்று எழுதினால் வானம் இடிந்து விழாது. அடுத்து, ஒரு சீட்டு. விசிட்டிங் கார்டு அளவு போதும். மையின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், அதிலுள்ள நிறமிகள், போட்ட தேதி, போட்டவர் பெயர். இரண்டு ரூபாய் பாராசிட்டமாலின் அட்டையில் பேட்ச் எண் இருக்கிறது. தோலுக்கு மேலே பூசும் லிப்ஸ்டிக்கில் இருக்கிறது. தோலுக்கு உள்ளே போவதற்கு மட்டும் ஏன் இல்லை? அரசு விதி கொண்டுவரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கையில் பாட்டிலை வைத்திருக்கிறவர் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்க மறுத்தால், செய்துகொள்ளப் போகிறவர் எழுந்து வந்துவிடலாம்.

அக்கா இப்போது லேசரை நிறுத்தி வைத்திருக்கிறாள். செங்கல் புருவத்தின் மேல் பழையபடி பென்சிலால் பழுப்பு வரைந்துகொண்டு பள்ளிக்குப் போகிறாள். ஓரத்தில் கருப்புப் புள்ளி, மச்சம் போல. “மூணாவது பீரியடுல இப்ப அழிஞ்சா செவப்பு தெரியுதுடா. பசங்க ஒண்ணும் சொல்றதில்ல. அதான் கஷ்டமா இருக்கு” என்றாள்.

போன மாதம் அவள் மகள், 16 வயது, காலேஜ் போனதும் லிப் பிளஷ் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் அக்கா வெடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “என்ன மைன்னு மொதல்ல கேளு. எழுத்துல வாங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்றாள்.

பெண் அன்றைக்கே மூன்று இடங்களுக்கு மெசேஜ் அனுப்பினாள். ஓரிடத்தில் பார்த்துவிட்டுப் பதில் இல்லை. இன்னோரிடத்திலிருந்து ‘டோன்ட் வொரி டியர், ஹண்ட்ரட் பர்சன்ட் சேஃப்’ என்று வந்தது. மூன்றாவது இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. பாட்டிலின் பின்பக்கம். நிறமிகளின் எண்கள், பேட்ச் எண், காலாவதி தேதி. கீழே ஒரு வரி: “இதுவும் டாட்டூதான்மா, நல்லா யோசிச்சு வாங்க. 18 முடியட்டும்.”

அக்கா அந்தப் படத்தை ஃபோனில் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.